இரண்டாவது வாரத்துப் பகல் காட்சியிலும் நிம்மதியாகப் படம் பார்க்க முடியவில்லை: யாரிடம், எப்படிச் சொல்வது?

அரசலாற்றங்கரை (கும்பகோணம்) கேட்டது:

முதல் நாள் முதல் காட்சியின் ஆரவாரத்தைப் பற்றிக் குறை சொல்ல நான் வரவில்லை என்பதை முதலிலேயே தெரிவித்துவிடுகிறேன். பெரிய நடிகரின் படம் வெளியாகும் நாளில் விசிலும் காகிதத் துண்டுகளும் பறக்கும், வசனத்தில் பாதி காதில் விழாது என்று தெரிந்துதான் எல்லாரும் அந்தக் காட்சிக்குப் போகிறார்கள். விருப்பமில்லாதவர்கள் சில நாள் பொறுத்துக்கொள்ளலாம். நான் பொறுத்துக்கொள்கிறவன். அப்படிப் பொறுத்திருந்து, இரண்டாவது வாரத்தில், வேலை நாளின் பகல் காட்சிக்கு, பாதிக்கு மேல் நாற்காலிகள் காலியாகக் கிடக்கும் அரங்குக்குப் போகிறவர்களுக்கு நேர்வதைப் பற்றியதே என் கேள்வி.

சென்ற மாதம் பார்த்ததை மாதிரிக்குச் சொல்கிறேன். எனக்கு நேர் முன்வரிசையில் இருந்த இளைஞர் கைப்பேசியை முழு வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு, படம் தொடங்கியதிலிருந்து இடைவேளை வரை ஒன்றன்பின் ஒன்றாகக் குறுங்காணொளிகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒலியை அணைத்துவிட்டதால் தம்மால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை என்றே அவர் நினைத்திருக்க வேண்டும். பின்வரிசையில் ஒருவருக்கு அழைப்பு வந்தது. “படத்துல இருக்கேன், சொல்லு” என்று தொடங்கியவர், கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேல் இருக்கிறது என்று மூட்டைகளை எடுக்க மறுத்துவிட்ட கதை முழுவதையும் கேட்டு, யாரைப் போய்ப் பார்க்க வேண்டும், வண்டியை எங்கே நிறுத்தி வைக்க வேண்டும் என்பது வரை சொல்லி முடித்தார். அவருடைய கவலை நியாயமானது. வெட்டவெளியில் கிடக்கும் நெல்லைவிடத் திரைப்படம் பெரிது என்று இந்தப் பகுதியில் பிறந்த எவரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் எழுந்து சில அடி நடந்தால் கதவு இருந்தது.

இவை தவிர, ஏற்கெனவே படம் பார்த்துவிட்டு வந்து அடுத்த காட்சியை முன்கூட்டியே சொல்கிறவர், முன் நாற்காலியின் முதுகில், நம் காதுக்கு அருகிலேயே செருப்புக் காலைத் தூக்கி வைக்கிறவர், படிக்கட்டில் ஏறி இறங்கி விளையாடும் குழந்தைகள் என்று வழக்கமானவையும் உண்டு. என்னோடு வருகிறவர் என் தாயார். இரண்டு கண்களிலும் புரை நீக்கி லென்ஸ் வைத்திருக்கிறது. இருட்டில் திடீரென்று வெளிச்சம் அடித்தால் அவருக்குக் கண் கூசி, சிறிது நேரம் திரையே தெரிவதில்லை.

பக்கத்தில் இருப்பவரிடம் சண்டை வராமல் இதை எப்படிச் சொல்வது, சொல்லியும் கேட்காவிட்டால் அரங்கில் யாரிடம் போய் முறையிடுவது என்பவற்றை அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டும். இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது. என் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, “தியேட்டர் என்ன கர்ப்பக்கிரகமா? அமைதி வேண்டுமென்றால் வீட்டில் தொலைக்காட்சியில் பார்க்க வேண்டியதுதானே” என்றார். நான் எதிர்பார்ப்பதே தவறா?

கார்பன்குச்சி (தஞ்சாவூர்) எழுதியது:

ஐயா, நான் தஞ்சை, திருவாரூர்ப் பக்கத்து அரங்குகளில் படம் ஓட்டும் ஆபரேட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கார்பன் குச்சிகளைப் பற்றவைத்து ஒளி உண்டாக்கிய காலத்தில் தொடங்கி, செனான் விளக்கு வந்து, பிறகு பிலிம் சுருளே இல்லாமல் போனது வரைக்கும் பார்த்திருக்கிறேன். அறையின் சிறு கண்ணாடி வழியாகத் திரையைப் பார்த்த அளவுக்கு மக்களின் தலைகளையும் பார்த்தவன் என்பதால், வெளிச்சத்தைப் பற்றி முதலில் சொல்கிறேன்.

டிஜிட்டல் முறையில் திரையிடும்போது, திரையின் மிக வெண்மையான பகுதிக்கு வைத்திருக்கும் அளவுகோல் ஒரு சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா (வெளிச்சத்தை அளக்கும் அலகு). இன்று சாதாரணமாக விற்கும் கைப்பேசியை முழு வெளிச்சத்தில் வைத்தால் அது 500ஐத் தாண்டும். சுற்றியுள்ள இருட்டைப் பார்த்துத் தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும் வசதி அதில் இருக்கிறது என்றாலும், வெயிலில் பார்ப்பதற்காக அந்த வசதியை அணைத்துவிட்டு முழு வெளிச்சத்திலேயே வைத்திருப்பவர்கள்தான் நம் பக்கத்தில் அதிகம். திரையில் இரவுக் காட்சி ஓடினால் இந்த வேறுபாடு இன்னும் பல மடங்கு ஆகிவிடும். அதோடு, மனிதக் கண் இருட்டுக்கு முழுவதும் பழக இருபது முப்பது நிமிடம் ஆகிறது. அப்படிப் பழகிய கண்ணில் ஒரு நொடி வெளிச்சம் பட்டாலும் பழகியதில் ஒரு பங்கு வீணாகிவிடும். வயது ஆக ஆக இந்தப் பழக்கம் மெதுவாகும். ஆகவே உங்கள் தாயார் சொல்வதில் மிகை எதுவும் இல்லை. ஒலியை அணைத்துவிட்டால் போதும் என்று நினைக்கும் இளைஞருக்கு இது தெரியாது, அவ்வளவுதான்; பெரும்பாலோர் திமிரால் இப்படிச் செய்வதில்லை.

இப்போது நீங்கள் கேட்ட ‘யாரிடம் சொல்வது’ என்பதற்கு வருகிறேன். முன்பு ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு டார்ச் லைட் ஆள் இருந்தார். டிக்கெட்டைக் கிழித்துவிட்டு, தாமதமாக வருகிறவர்களை இடம் பார்த்து உட்காரவைத்துவிட்டு, கதவுப் பக்கத்திலேயே நிற்பார். நாற்காலியின் மேல் கால் வைத்தால் அந்தக் காலின் மேல் வெளிச்சம் விழும். ஒரு வார்த்தை பேச மாட்டார். கால் தானாக இறங்கிவிடும். பீடி பற்றவைத்தவருக்கும், சத்தம் போட்டுப் பேசியவருக்கும் அதே மருந்துதான். அவர் ஊர்க்காரர், யார் வீட்டுப் பிள்ளை என்று அவருக்குத் தெரியும், அவருக்குத் தெரியும் என்பது பிள்ளைக்கும் தெரியும். அதையும் மீறிச் சச்சரவு முற்றினால், மேனேஜர் கீழேயிருந்து மணி அடிப்பார். நான் படத்தை நிறுத்தி அரங்கின் விளக்குகளைப் போட்டுவிடுவேன். அந்த நிமிடத்தில் நானூறு பேரும் திரும்பி அந்த ஒருவரைப் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு கீழே இறங்கிப் போய்ப் பேச வேண்டிய தேவையே இருக்காது. மிக அரிதாகத்தான் அப்படிச் செய்தோம். படத்தை நிறுத்துவது தொழிலுக்கு அழகில்லை என்று பழைய முதலாளிகள் நினைத்தார்கள்.

சுருள் போய், படத்தைக் கோப்பாக வைத்து ஓட்டும் சர்வர் கணினி வந்த பின், ஒரே ஆள் இரண்டு மூன்று திரைகளைக் கவனிக்கிறார். காட்சி குறித்த நேரத்தில் தானாகத் தொடங்குகிறது, விளக்கு தானாக அணைகிறது. கேட்டில் இருப்பவர் படம் ஆரம்பித்த பத்தாவது நிமிடத்தில் கேன்டீனுக்குப் போய்விடுகிறார், ஏனென்றால் இடைவேளைக்குள் பாப்கார்ன் பொட்டலம் கட்டியாக வேண்டும். டிக்கெட் விற்ற பணத்தில் விநியோகஸ்தரின் பங்கு போய்விடும். கேன்டீன் பணம் அரங்கிலேயே தங்கும். முதலாளி ஆளை எங்கே நிறுத்துவார் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். உள்ளே யாருமே இல்லை என்பதுதான் இன்றைய நிலை. முன்பிருந்த மக்கள் நாகரிகமானவர்கள், இப்போதிருக்கும் மக்கள் மோசமானவர்கள் என்று சிலர் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அன்றைக்கும் துப்பினார்கள், சுரண்டினார்கள், நாற்காலி ரெக்சினைப் பிளேடால் கிழித்தார்கள். பார்க்க ஆள் இருந்தார் என்பது மட்டும்தான் வேறுபாடு.

ஆகவே, படம் முடிந்து வெளியே வரும்போது யாரிடமாவது புலம்புவதால் பயனில்லை. இடைவேளையில் மேனேஜரைப் பார்த்து, வரிசை எழுத்தையும் நாற்காலி எண்ணையும் சொல்லுங்கள். எண்ணைச் சொன்னால் அவர் ஓர் ஆளை அனுப்பியே ஆக வேண்டும். ‘ஒரே சத்தமாக இருக்கிறது’ என்று பொதுவாகச் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். ஆட்சியரிடம் மனு கொடுக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். 1955ஆம் ஆண்டுத் தமிழ்நாடு திரையரங்கு ஒழுங்குமுறைச் சட்டப்படி அரங்குக்கு உரிமம் கொடுப்பது ஆட்சியர்தான் என்றாலும், அந்த விதிகள் தீப் பாதுகாப்பு, வெளியேறும் வழி, கழிப்பறை, காற்றோட்டம் ஆகியவற்றைப் பற்றியவை. பக்கத்து நாற்காலிக்காரரின் கைப்பேசிக்காக அவரிடம் போக முடியாது. புகை பிடித்தால் மட்டும் தயங்காமல் சொல்லுங்கள். 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் அது தடை செய்யப்பட்டிருக்கிறது, 200 ரூபாய் வரை தண்டம் உண்டு, அரங்கப் பொறுப்பாளரும் பதில் சொல்ல வேண்டியவர்.

மன்னை மகள் (மன்னார்குடி) எழுதியது:

கேள்வி கேட்ட அண்ணன் குழந்தைகளை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார், ஆனால் இத்தகைய விவாதங்கள் எல்லாமே கடைசியில் ‘கைக்குழந்தையோடு ஏன் படத்துக்கு வருகிறார்கள்’ என்ற இடத்தில்தான் வந்து நிற்கும் என்பதால் முன்னதாகவே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒரு குடும்பம் சேர்ந்து வெளியே போவதற்குக் கோயிலை விட்டால் துணிக்கடையும் திரையரங்கும்தான் இருக்கின்றன. குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் பெரியவர்கள் இல்லாத ஒரு பெண், குழந்தைக்கு ஐந்து வயது ஆகும்வரை படமே பார்க்கக் கூடாது என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. குழந்தை அழுதால் அவள்தான் எழுந்து போய் வாசல் திரைச்சீலைக்குப் பக்கத்தில் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு நின்றபடியே படம் பார்க்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் குழந்தையின் தகப்பனார் எழுந்து நான் அதிகம் பார்த்ததில்லை. அழுகையைக் குறை சொல்கிறவர்கள் அந்த நாற்காலியையும் ஒரு முறை திரும்பிப் பார்க்கட்டும்.

இதற்கு வழி இல்லாமலும் இல்லை. திருவனந்தபுரத்தில் கேரள அரசின் திரைப்பட வளர்ச்சிக் கழகம் நடத்தும் கைரளி திரையரங்கில், குழந்தையோடு உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் படம் பார்க்கும்படி ஓர் அறையைக் கட்டினார்கள். சத்தம் வெளியே போகாது. தொட்டில் உண்டு, உடை மாற்ற இடமும் உண்டு. அரங்கைப் புதுப்பித்து சாய்வு நாற்காலி போடுகிறவர்களுக்கு இது பெரிய செலவாக இருக்க முடியாது. வெளி உணவைக் கொண்டுவரக் கூடாது என்று வாசலில் பையைச் சோதிக்கும் ஊழியர்களுக்கும் ஒன்றைச் சொல்ல வேண்டும்: 2023 சனவரியில் உச்ச நீதிமன்றம் அப்படித் தடுக்கும் உரிமை அரங்குக்கு உண்டு என்று சொன்னபோதே, குடிநீரை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பதையும், கைக்குழந்தைக்கான உணவைப் பெற்றோர் கொண்டுவருவதைத் தடுக்கக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்லியிருக்கிறது. பசித்த குழந்தையை உள்ளே விட்டுப் பால் புட்டியை வெளியே வைத்துக்கொண்டால் அழுகைக்கு யார் பொறுப்பு?

பெற்றோரிடம் எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். வெட்டும் குத்துமாக இருக்கும் படத்துக்கு ஏழெட்டு வயதுப் பிள்ளைகளை அழைத்து வந்து, பயந்து அழும்போது ‘கண்ணை மூடிக்கோ’ என்கிறார்கள். ‘ஏ’ சான்றிதழ் என்றால் 18 வயதுக்கு உட்பட்டவர்களை அனுமதிக்கவே கூடாது. வாசலில் கேட்பார் இல்லை. பெற்றோரின் வழிகாட்டுதலோடு பார்க்க வேண்டிய படங்களுக்கான ‘யுஏ’ சான்றிதழையும் 2023 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு 7, 13, 16 என்று வயதுவாரியாகப் பிரித்துவிட்டார்கள். சுவரொட்டியில் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுத்தால், படிக்கட்டில் ஓடி விளையாடும் பிள்ளைகளில் பாதிப் பேரை அரங்கில் காண முடியாது. தனக்குப் புரியாத படத்தில் இரண்டரை மணி நேரம் உட்காரவைத்தால் எந்தப் பிள்ளையும் ஓடத்தான் செய்யும்.

இனி, எப்படிச் சொல்வது என்பதற்கு என் வழக்கம். “தம்பி, வெளிச்சம் கண்ணுல அடிக்குது, கொஞ்சம் அணைச்சுக்குறீங்களா” என்று குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொல்வேன். அவரோடு வந்திருக்கும் நண்பர்கள் காதில் விழும்படி சொன்னால், அணைக்க நினைத்தவர்கூட மானத்துக்காக அணைக்க மாட்டார். ‘அறிவில்லையா’, ‘படிச்சவங்கதானே’ என்று தொடங்குகிற எந்தப் பேச்சும் சண்டையில்தான் முடியும். அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது என்று காரணத்தைச் சொன்னால் உடனே கேட்பார்கள். அம்மா என்றால் இங்கே மறுப்பவர்கள் குறைவு. ஆனாலும் ஒன்று எனக்கு உறுத்தத்தான் செய்கிறது. காசு கொடுத்து இருட்டில் உட்கார வந்தவருக்கு இருட்டு கிடைப்பதற்கு வீட்டில் ஒரு நோயாளி இருக்க வேண்டுமா? அதோடு, இதையெல்லாம் ஒரு ஆண் சொல்வதற்கும் தனியாக வந்த பெண் சொல்வதற்கும் வேறுபாடு உண்டு. பின்னால் கால் நீட்டியவரிடம் நான் சொன்னால் “வேற சீட்ல போய் உக்காருங்க” என்று பதில் வருகிறது. ஆகவே தனியாகப் போகும்போது நான் யாரிடமும் நேரில் சொல்வதில்லை. வெளியே போய் ஆளை அழைத்து வருகிறேன். கார்பன்குச்சி ஐயா சொல்லும் டார்ச் லைட் ஆள் எங்களைப் போன்றவர்களுக்குத்தான் மிகுதியாகத் தேவைப்படுகிறார்.

மூன்றாம் வரிசை விசில் (மயிலாடுதுறை) எழுதியது:

ரசிகர்களைத் திட்டாமல் தொடங்கிய ஒரே கேள்வி இதுவாகத்தான் இருக்கும், நன்றி. விடியற்காலைக் காட்சிகளை நிறுத்தி, முதல் காட்சியை அரசு காலை 9 மணிக்கு ஆக்கிய பிறகும் முதல் நாளை விடாமல் பார்க்கிறவன் என்ற முறையில் ஒன்றைத் தெளிவாக்க விரும்புகிறேன். முதல் நாள் கூட்டத்துக்குக் கட்டுப்பாடு கிடையாது என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். அறிமுகக் காட்சி, இடைவேளைக்கு முந்தைய சண்டை, பாட்டு ஆகியவற்றுக்குத்தான் விசில். அம்மா இறக்கும் காட்சியில் ஒருவன் விசில் அடித்தால் எங்கள் வரிசையிலேயே அவனுக்குத் தலையில் தட்டு விழும். வில்லன் பேசும்போது கத்தலாம், நாயகன் பேசும்போது வசனம் கேட்க வேண்டும் என்பதால் எல்லாரும் வாயை மூடிக்கொள்வோம். ரசிகர் மன்றத்தில் மூத்த அண்ணன்கள் இருந்த வரைக்கும் இதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இதைக் கெடுத்தது கைப்பேசிதான். நாயகன் திரையில் தோன்றியவுடன் கை தட்ட வேண்டிய கைகள் எல்லாம் கைப்பேசியைத் தூக்கிப் பிடிக்கின்றன. பின்னால் இருப்பவனுக்குத் திரை தெரியாமல் சின்னச் சின்னத் திரைகள் நூறு தெரிகின்றன. வாட்ஸ்அப் நிலைத்தகவலில் முப்பது நொடி வைப்பதற்காகத் தன் கண்ணால் பார்க்காமல் விட்டுவிடுகிறான். இது விளையாட்டுக் குற்றமும் அல்ல. 2023இல் திருத்திய ஒளிப்பதிவுச் சட்டப்படி, திருட்டுப் பிரதி எடுக்கும் எண்ணத்தோடு அரங்கில் படத்தையோ அதன் ஒரு பகுதியையோ பதிவு செய்தால் மூன்று மாதத்திலிருந்து மூன்று ஆண்டு வரை சிறையும், குறைந்தது 3 லட்சம் ரூபாய் தண்டமும் உண்டு. தண்டம் படத்தின் தயாரிப்புச் செலவில் 5 விழுக்காடு வரை போகலாம். நிலைத்தகவல் வைக்கிற தம்பிக்கு அந்த எண்ணம் இல்லை என்று நீதிமன்றத்தில் சொல்லலாம்தான். ஆனால் அதைச் சொல்ல அவன் நீதிமன்றம் வரைக்கும் போக வேண்டியிருக்கும்.

திரைக்கு முன்னால் இருக்கும் மேடையில் ஏறி ஆடுவதையும், சூடம் கொளுத்துவதையும் நானும் ஆதரிக்கவில்லை. திரை என்பது முழுவதும் ஊசித்துளைகள் போட்ட மெல்லிய பரப்பு. வசனம் வருகிற ஒலிபெருக்கி அதற்குப் பின்னால்தான் இருக்கிறது. ஒரு கை பட்டுக் கிழிந்தால் ஒட்டுப் போட்ட தழும்பு அடுத்த பொங்கல் வரைக்கும் எல்லாப் படத்திலும், எங்கள் தலைவர் முகத்தின் மேலும் தெரியும்.

மெலட்டூரான் (பாபநாசம் வட்டம்) எழுதியது:

கேள்வி கேட்டவரின் நண்பர் ‘தியேட்டர் என்ன கர்ப்பக்கிரகமா’ என்று கேட்டதாகப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எந்தக் கர்ப்பக்கிரகத்தின் முன்னால் நம் மக்கள் பேசாமல் நின்றார்கள்? தீபாராதனையின்போதே பக்கத்து வீட்டுக் கல்யாணத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் நாம். ஆகவே அமைதி என்பது நம்மிடம் முன்பு இருந்து இப்போது தொலைந்துபோன பண்பு என்ற நினைப்பில் இருந்து தொடங்கக் கூடாது என்பது என் கட்சி.

எங்கள் ஊரில் நரசிம்ம ஜயந்தியை ஒட்டி நடக்கும் பாகவத மேளாவைப் பாருங்கள். ஆண்களே பெண் வேடமும் கட்டி இரவு முழுவதும் நடிப்பார்கள். பார்க்க வந்தவர்கள் பாய் விரித்துப் படுப்பார்கள், தூங்குவார்கள், வீட்டுக்குப் போய்க் காபி குடித்துவிட்டு வருவார்கள். வள்ளி திருமண நாடகம் நடந்த திடல்களிலும் இப்படித்தான். தமிழ்நாட்டில் சினிமா தொடங்கிய விதமும் ஏறக்குறைய இதுவே. திருச்சியில் ரயில்வேயில் வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியை விலைக்கு வாங்கி ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். அவை ஊமைப் படங்கள். படத்தில் வரும் எழுத்துகளைப் படிக்கத் தெரியாதவர்களுக்காகத் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று உரக்கக் கதை சொன்ன காலம் அது. மக்களும் பதில் பேசினார்கள். 1931இல் தமிழ்ப் படம் பேசத் தொடங்கிய பிறகும் டூரிங் கொட்டகையில் மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்து, பின்னால் இருப்பவர் திட்டத் திட்டப் படம் பார்த்தவர்கள்தான் நம் தாத்தாக்கள். ஒரே புரொஜக்டர் என்பதால் சுருள் மாற்றும்போதெல்லாம் இடைவேளை விடுவார்கள், அப்போதெல்லாம் முறுக்கும் கலரும் வரும்.

ஆனால் இதைச் சொல்லி இன்றைய தொல்லைகளுக்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. அந்தச் சத்தங்களைச் சற்றுக் கூர்ந்து கவனித்தால் ஒன்று புலப்படும். தூங்குகிறவர் தூங்கினார், ஆனால் தூணிலிருந்து நரசிம்மர் வெளிப்படும் கட்டத்தில் அவரைத் தட்டி எழுப்பினார்கள், எழுந்தவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கொட்டகையில் கத்தியவர் வில்லனைப் பார்த்துக் கத்தினார். ‘பின்னாடி வர்றான், திரும்பிப் பாரு’ என்று நாயகனை எச்சரித்த பாட்டிகளை நானே கேட்டிருக்கிறேன். அந்தச் சத்தம் முழுவதும் மேடையை நோக்கியோ திரையை நோக்கியோ போயிற்று. அதைக் கேட்ட பக்கத்து ஆளும் படத்துக்குள்தான் இருந்தார். மூன்றாம் வரிசைத் தம்பியின் விசிலும் அந்தப் பரம்பரையைச் சேர்ந்ததுதான். கொள்முதல் நிலையத்து அழைப்பும் குறுங்காணொளியும் அப்படியல்ல. அவற்றுக்கும் திரைக்கும் தொடர்பே இல்லை. பக்கத்தில் இருப்பவரைப் படத்திலிருந்து வெளியே இழுத்துக்கொண்டு வந்துவிடுகின்றன. ஆகவே அரசலாற்றங்கரைக்காரர் கேட்பது அமைதியை என்று நான் நினைக்கவில்லை. எல்லாரும் ஒரே படத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்கிறார். அது நியாயமான கோரிக்கை, நண்பரிடம் அப்படியே சொல்லலாம்.

இன்னொரு காரணத்தையும் கருத வேண்டும். வீட்டில் தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தும், நடுவில் எழுந்து போயும், பேசிக்கொண்டே சாப்பிட்டும் பழகிவிட்டோம். பெருந்தொற்றுக் காலத்தில் 2020 மார்ச்சிலிருந்து அந்த ஆண்டு நவம்பர் வரை தமிழ்நாட்டில் அரங்குகளே மூடிக் கிடந்தன. புதிதாகப் படம் பார்க்கத் தொடங்கிய பிள்ளைகள் பலருக்கு முதல் அரங்கு வீட்டுக் கூடம்தான். அவர்கள் கூடத்தின் வழக்கத்தைக் கொட்டகைக்குக் கொண்டுவருகிறார்கள்.

மன்னை மகள் எழுதியது:

பாட்டி வில்லனைத் திட்டினால் ரசிக்கிறோம் என்பது சரி. ஆனால் திரையை நோக்கிப் போகிற சத்தம் எல்லாம் நல்ல சத்தம் என்று வைத்துக்கொண்டால், திரையில் ஒரு பெண் வரும்போதெல்லாம் பின்வரிசையிலிருந்து எழும் ஆபாசக் கூச்சலும் அதில் சேர்ந்துவிடுமே, ஐயா? அதுவும் படத்தைப் பார்த்துத்தான் வருகிறது. அந்தக் கூச்சலைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் மகளோடு உட்கார்ந்திருக்கிறவளுக்கு அது கைப்பேசி வெளிச்சத்தைவிடப் பெரிய தொல்லை. இரவுக் காட்சிக்குக் குடித்துவிட்டு வருகிறவர்களைப் பற்றி இங்கே யாரும் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை என்பதையும் கவனித்தேன்.

மெலட்டூரான் எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன், அம்மா. அதைக் கூத்துத் திடலில் செய்திருந்தால் கட்டியங்காரனே மேடையிலிருந்து பெயர் சொல்லி மானத்தை வாங்கியிருப்பான். திரையிலிருந்து யாரும் இறங்கி வர முடியாது என்பதால் அரங்கில் ஆள் வேண்டும் என்ற இடத்துக்கே நீங்களும் கார்பன்குச்சியும் என்னை அழைத்து வந்துவிட்டீர்கள்.

அரசலாற்றங்கரை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நாங்கள் வழக்கமாகப் போகும் அரங்கின் மேலாளருக்குக் கடிதம் எழுதலாம் என்று நினைக்கிறேன். முழு நேரமும் உள்ளே ஓர் ஆளை நிறுத்த இயலாவிட்டாலும், படம் தொடங்கிய பின்னும் இடைவேளைக்குப் பின்னும் ஒருவர் டார்ச்சோடு ஒரு சுற்று வந்தால் போதும் என்று கேட்கப் போகிறேன். குடிப்பவர்களைப் பற்றி மன்னை மகள் சொன்னதையும் அதில் சேர்த்துக்கொள்கிறேன். கார்பன்குச்சி ஐயாவிடம் இரண்டு ஐயங்கள். முன்பு ‘முன் இருக்கையில் கால் வைக்காதீர்’ என்று சிலைடு போடுவார்களே, அதை இப்போதும் போட முடியுமா? தாயாரை எந்த வரிசையில் உட்காரவைப்பது நல்லது?

கார்பன்குச்சி எழுதியது:

சிலைடு என்பது இப்போது ஒரு படக்கோப்பு. சர்வரில் ஏற்றி விளம்பரங்களோடு சேர்த்துவிட்டால் தானாக வரும், செலவு இல்லை. ஆனால் படம் தொடங்குவதற்கு முன் மட்டும் போடச் சொல்லாதீர்கள். அந்த நேரத்தில் பாதிப் பேர் வெளியே நிற்பார்கள். உள்ளே இருப்பவர்களும் புகையிலை எச்சரிக்கையையும் நகைக்கடை விளம்பரத்தையும் பார்த்துச் சலித்திருப்பார்கள். இடைவேளை முடிந்து விளக்கு அணைந்தவுடன், படம் தொடங்குவதற்கு முன்னால் உள்ள அந்தச் சில நொடியில் போடச் சொல்லுங்கள். நான் மேலிருந்து பார்த்த வரைக்கும், இடைவேளையில் கையில் எடுத்த கைப்பேசியைத்தான் மக்கள் திரும்பப் பையில் வைப்பதில்லை. வாசகத்தில் ‘அணைத்துவிடுங்கள்’ என்று மட்டும் எழுதாமல், ‘பேச வேண்டுமானால் வெளியே வாருங்கள், கதவு திறந்திருக்கிறது’ என்பதையும் சேர்க்கச் சொல்லுங்கள். கொள்முதல் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தவரால் கைப்பேசியை அணைத்து வைக்க முடியாது. அவருக்கு வழியைத்தான் காட்ட வேண்டும்.

தாயாரைக் கடைசி வரிசைகளில் உட்காரவைக்க வேண்டாம். அங்கே இருந்தால் முன்னால் உள்ள அத்தனை கைப்பேசிகளும் கண்ணில் படும். கழுத்து வலிக்காத அளவுக்கு முன்னே தள்ளி, நடுப்பகுதிக்குச் சற்று முன்னால் உள்ள வரிசையில், கதவு வெளிச்சம் அடிக்காத பக்கமாகப் பார்த்து எடுங்கள். பகல் காட்சியில் அந்த இடம் பெரும்பாலும் காலியாகத்தான் கிடக்கும். டிக்கெட்டும் பல ஊர்களில் அங்கே விலை குறைவு.